நட்டு எங்கிட்டதான் இருக்கு

அந்தப் படகில் பாதி அவளுடையது. அண்ணன் இதை அடிக்கடி மறந்துபோவார். அவள் அடிக்கடி ஞாபகப்படுத்துவாள். இருவரும் சேர்ந்து வாங்கியது, இருவர் பெயரிலும் பதிவானது. ஆனால் படகுத்துறையில் யாராவது "இது யாரு போட்டு?" என்று கேட்டால் எல்லார் கையும் அண்ணன் நிற்கும் பக்கமே நீளும். அவள் ஓட்டுகிறவள். அவ்வளவுதான்.

ஆற்றின் இந்தக் கரையில் குடியிருப்புகள், அந்தக் கரையில் மீன் பதனிடும் ஆலை. நடுவே, கடலோடு சேரப்போகிற அவசரத்தில் அகன்று ஓடும் தண்ணீர். பாலம் வெகு தூரத்தில் இருந்தது. பஸ்ஸில் சுற்றிப் போனால் காலை வேலைக்குக் கிளம்பியவர்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் போய்ச் சேர்வார்கள். அதனால் ஆலைப் பெண்கள் படகில்தான் போனார்கள். காலையில் அவர்களைக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் மீன் வாசனையோடு திரும்பக் கொண்டுவருவது அவள் வேலை.

அவளைக் கேப்டன் என்று முதலில் கூப்பிட்டது மேஸ்திரி அக்கா. ஆலையில் மீன் வெட்டும் பிரிவுக்கு அவர்தான் மேஸ்திரி; படகிலும் தனக்கு அந்தப் பதவி உண்டு என்று நினைப்பவர். ஒருநாள் அலை தூக்கியடித்தபோது எழுந்து நின்றவர்களைப் பார்த்து, "எல்லாரும் கீழ உக்காருங்க" என்று இவள் போட்ட சத்தத்தில் மேஸ்திரி அக்காவும் தன்னையறியாமல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். வெட்கத்தை மறைக்க, "சரிங்க கேப்டன்" என்றார். கேலியாகச் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. கோபம் வந்தால் அண்ணன்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

படகின் எஞ்சின் உள்ளே, பின்பக்கப் பலகையை ஒட்டி, ஒரு பெட்டிக்குள் இருந்தது. அதிலிருந்து வெளியே இறங்கித் தண்ணீருக்குள் நிற்கும் பாகத்தை எல்லாரும் 'கால்' என்றுதான் சொன்னார்கள். கியர் பற்களெல்லாம் அந்தக் காலுக்குள். அதன் அடியில் புரொப்பெல்லர். பற்கள் தேயாமலிருக்க கால் முழுக்கக் கியர் ஆயில் நிறைந்திருக்கவேண்டும். இருக்கிறதா என்று பார்ப்பதற்கு எஞ்சின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். அதிலிருந்து ஒரு ஹோஸ் காலுக்குள் போனது. காலில் குறைந்தால் பாட்டிலில் குறையும்.

இந்தப் பாட்டில்தான் வீட்டில் சண்டையை மூட்டியது.

அந்த வருஷத்து சர்வீஸில் ஸ்பானர் அண்ணன் பழைய ஆயிலை இறக்கிவிட்டுப் புதிது நிரப்பிக் கொடுத்தார். துறையில் இருந்த ஒரே மெக்கானிக் அவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்பானர் தலைநீட்டிக்கொண்டிருக்கும், அதுவே பெயராகிவிட்டது. நிரப்பின மறுநாளே பாட்டிலில் கொஞ்சம் இறங்கியிருந்தது. கேப்டன் பதறிப்போய் அவரைக் கூப்பிட்டாள்.

"உள்ள காத்து நின்னிருக்கும்மா. ஓட ஓட அது மேல வந்துடும், அந்த இடத்துக்கு ஆயில் இறங்கும். கொஞ்சம் ஊத்து, நின்னுடும்" என்றார் அவர்.

ஊற்றினாள். நின்றுவிட்டது. அண்ணன் சிரித்தார்.

பிறகு ஒரு மத்தியானம் எதேச்சையாக மூடியைத் திறந்தபோது பாட்டிலில் ஆயில் கூடியிருந்தது. மறுபடியும் கூப்பிட்டாள்.

"சூடானா ஆயில் உப்பும், ஆறினா இறங்கும். சுடச்சுடப் பாத்துட்டு என்னைக் கூப்பிடாதே" என்றார் ஸ்பானர்.

இந்தத் தடவை அண்ணன் தான் சிரித்ததோடு நிற்கவில்லை. துறையில் எல்லாரையும் சிரிக்கவைத்தார்.

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. இனிமேல் காலையில், சாவியைத் திருப்புவதற்கு முன்னால், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும்தான் பார்ப்பது என்று வைத்துக்கொண்டாள். அண்ணியின் நெயில் பாலிஷை எடுத்துவந்து பாட்டிலில் ஆயில் நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு போட்டாள். சூட்டையும் காற்றையும் காரணம் சொல்ல இனி யாராலும் முடியாது.

கொஞ்சநாள் ஆயில் கோட்டிலேயே நின்றது. பிறகு ஒரு காலை கோட்டுக்குக் கீழே போயிருந்தது. ஊற்றினாள். இரண்டு மூன்று நாளில் மறுபடியும் கீழே. படகின் அடித்தளத்தில் துணியை விட்டுத் துடைத்துப் பார்த்தாள். துணியில் எண்ணெய்ப் பசையே இல்லை. ஹோஸ்தான் எங்கோ கீறியிருக்கிறது என்று முடிவுகட்டி, ஸ்பானரிடம் கேட்காமல் தானே ஹோஸையும் கிளிப்பையும் மாற்றினாள். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். மாற்றியும் குறைந்தது.

அந்த வாரமே நடு ஆற்றில், ஆயில் குறைந்தால் எச்சரிப்பதற்காகப் பாட்டிலில் வைத்திருந்த அலாரம் கீச்சென்று கத்தத் தொடங்கியது. பெண்கள் கலவரப்பட்டுப்போனார்கள். கரைக்கு வந்ததும் அண்ணன் ஆயிலை ஊற்றினார், அலாரத்தின் ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

"ஆளுங்க பயப்படுறாங்க" என்றார்.

"பயப்படத்தானே வச்சிருக்கு" என்றாள் கேப்டன். அவர் போனதும் ஒயரை மறுபடி மாட்டினாள். மறுநாள் பார்த்தால் திரும்பவும் பிடுங்கிக் கிடந்தது.

"ஹோஸுன்னே. ஹோஸ் மாத்தினே. சரியாச்சா?" என்று சாப்பிடும்போது ஆரம்பித்தார் அண்ணன். "மாசத்துக்கு ஒரு பாட்டில் ஊத்தினா ஓடப்போவுது. எல்லா வண்டியும் கொஞ்சம் எண்ணெய் குடிக்கும். உனக்கு அந்தப் பாட்டில் மேல என்ன அப்படியொரு காதல்?"

ஹோஸ் விஷயத்தில் அவள் தோற்றவள். கோபத்தில், இரண்டாம் முறை போட்டுக்கொண்ட சோற்றை மீதம் வைத்துவிட்டு எழுந்தாள்.

*

குறைந்துகொண்டே வந்த ஆயில், மழை விட்ட ஒரு காலையில், குளிர்ந்த எஞ்சினில், கோட்டுக்கு மேலே ஏறி நின்றது. யாரும் ஊற்றவில்லை.

அண்ணன் எட்டிப்பார்த்துவிட்டு, "பாத்தியா, தானாவே சரியாயிடுச்சு" என்றார்.

கேப்டன் பாட்டிலின் மூடியைக் கழற்றி ஒரு குச்சியை விட்டு எடுத்தாள். குச்சியில் ஒட்டியது தேன் நிறத்தில் இல்லை. பால் ஊற்றிய காபி மாதிரி கலங்கியிருந்தது. விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்தாள், வழவழப்பில்லாமல் நுரைத்தது.

"அண்ணா, இது ஆயில் இல்ல. தண்ணி. எண்ணெய் வெளிய போன வழியா தண்ணி உள்ள வருது. இன்னிக்கு எடுக்க முடியாது."

"ஸ்பானர் ஊருக்குப் போயிருக்கான், மத்தியானம் வந்துடுவான். காலை நடை மட்டும் போயிட்டு வந்துடு."

"முடியாது."

துறையில் பெண்கள் பைகளோடும் டிபன் டப்பாக்களோடும் வந்து நின்றுவிட்டார்கள். அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "ஆலைக்காரன்கிட்ட என்னன்னு சொல்றது? என் தங்கச்சிக்கு எண்ணெயோட கலர் புடிக்கலைன்னு சொல்லவா?"

"சொல்லுங்க."

"நீ ஓட்ட வேண்டாம். நானே ஓட்டிக்கிறேன்." அவரிடமும் லைசென்ஸ் இருந்தது, முதுகுவலி வந்தபின் ஓட்டுவதை விட்டிருந்தார். மூக்குக் கண்ணாடி வீட்டில் இருந்தது. "கண்ணாடிய எடுத்துட்டு வரேன். யாரும் போயிடாதீங்க" என்று பெண்களிடம் சொல்லிவிட்டுச் சந்துக்குள் விறுவிறுவென்று நடந்தார்.

அவர் முதுகு மறையும்வரை கேப்டன் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, படகைக் கையாலேயே இழுத்து, துறையை ஒட்டி, படகுகளை ஏற்றி இறக்கும் சரிவுத் தளத்தின் ஆழமில்லாத தண்ணீருக்குக் கொண்டுவந்தாள். சுவிட்சை அழுத்தியதும் கால் முனகிக்கொண்டு மேலே எழும்பியது. கருவிப் பெட்டியோடு தண்ணீரில் இறங்கினாள். தொடைவரை நனைந்தது.

"என்ன பண்றே கேப்டன்?" என்றார் மேஸ்திரி அக்கா, துறையின் விளிம்பில் நின்றபடி.

"புரொப்பெல்லரைக் கழட்டுறேன்."

"கழட்டிட்டா எப்படிப் போறது?"

"போறதில்ல."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். லேட்டானால் ஆலை கேட்டைப் பூட்டிவிடுவான் என்றாள் ஒருத்தி. இவளுக்கு அண்ணனோடு சண்டை என்றால் வீட்டில் போட்டுக்கொள்ளக் கூடாதா என்றாள் இன்னொருத்தி.

புரொப்பெல்லரைப் பிடித்திருக்கும் நட்டைத் திருகினால் அதுவும் கூடவே சுழலும். அது சுழலாமலிருக்க அதன் இறக்கைக்கும் காலின் மேல்தகட்டுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை வைத்து யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். கேப்டன் நிமிர்ந்து பார்த்தாள். "யாராவது வந்து இந்தக் கட்டையைப் பிடிங்க."

யாரும் அசையவில்லை.

"உங்க அண்ணன் தங்கச்சி சண்டைக்கு நாங்க ஏன் நாள் இழக்கணும்?" என்றார் மேஸ்திரி அக்கா. "நேத்து போச்சு இல்ல? முந்தாநேத்து போச்சு இல்ல?"

"நேத்து போச்சு. அதனாலதான் இன்னிக்கு நிறுத்துறேன்." கேப்டன் கட்டையைச் செருகி, முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டாள். "உள்ள பல்லும் பல்லும் தண்ணியில அரைச்சுட்டு இருக்கு. நடு ஆத்துல இறுகிப்போச்சுன்னா எஞ்சின் ஓடும், போட்டு ஓடாது. இழுப்பு நேரா கடல் பக்கம் தள்ளும். அங்க சரக்குக் கப்பல் வர்ற வழி. அவன் ஹாரன் அடிப்பான், நிறுத்த மாட்டான்."

"இறுகிப்போகும்னு எப்படிச் சொல்றே? ஹோஸுன்னு கூடத்தான் சொன்னே."

அது சுருக்கென்று தைத்தது. "எப்போன்னு தெரியாதுக்கா. இன்னிக்கே போகும்னு நான் சொல்லல. போகாதுன்னும் என்னால சொல்ல முடியல. சொல்ல முடியாத நாளைக்கு உங்கள ஏத்த மாட்டேன்."

நட்டின் கீழிருந்த வாஷரின் மடிப்பை ஸ்க்ரூடிரைவரால் நிமிர்த்தி, நீளமான ஸ்பானரை மாட்டி, உடம்பின் பாரம் முழுவதையும் அதன் மேல் போட்டாள். கட்டை முழங்காலில் அழுந்தித் தோல் உரிந்தது. மூன்றாவது இழுப்பில் நட்டு இளகியது. நட்டு, வாஷர், புரொப்பெல்லர், அதற்கு முன்பக்கம் இருந்த கனமான வளையம் என்று ஒவ்வொன்றாக உருவினாள். நட்டையும் வாஷரையும் தன் டிபன் பைக்குள் போட்டாள். மற்றவற்றைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு கரையேறினாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் மாதிரி.

சந்தின் வாயிலில் அண்ணன் எதிர்ப்பட்டார். கண்ணாடி மூக்கில் இருந்தது.

"கையில என்னது?"

"புரொப்பெல்லர்."

"யாரைக் கேட்டுக் கழட்டினே?"

"பாதி என்னுது. என் பாதியக் கழட்டிட்டேன்."

அண்ணனுக்கு ஏதோ ஞாபகம் வந்து, அவரை மீறி ஒரு சிரிப்பு வந்தது. "ஷெட்டுல ஸ்பேர் இருக்கு தெரியுமில்ல?"

"மாட்டிக்குங்க. நட்டு எங்கிட்டதான் இருக்கு."

*

வீடு மாடியில் இருந்தது. கீழே சைக்கிள் கடை. படியேறினால் இரண்டு அறை, சமையலறை, துணி காயப்போடும் பால்கனி. பால்கனியில் வாஷிங் மெஷின். அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணிக்கும் கேப்டனுக்கும் பெரிய சிநேகிதம் கிடையாது, பெரிய சண்டையும் கிடையாது. ஒரே குளியலறையைப் பங்குபோட்டுக்கொள்ளும் இரண்டு பெண்களுக்குள் வந்துவிடும் ஒரு நாகரிகம், அவ்வளவுதான். அண்ணிக்குத் தண்ணீர் என்றால் பயம். தங்கள் சொந்தப் படகில் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

இடுப்புக்குக் கீழே நனைந்து, முழங்காலில் ரத்தத்தோடு, துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு வந்து நின்றவளை அண்ணி மேலும் கீழும் பார்த்தாள்.

"நெயில் பாலிஷ் எடுத்தவதான் இதையும் எடுத்துட்டு வந்திருக்கியா?"

"அண்ணி, இதை எங்கயாவது வைக்கணும். அண்ணன் வந்துட்டு இருக்காரு."

"எதுக்கு வைக்கணும்?"

கேப்டன் சொன்னாள். அவசரத்தில் ஆயில், தண்ணீர், கப்பல் எல்லாம் குழம்பித்தான் வந்தது. அண்ணி முழுவதும் கேட்கவில்லை. நடுவில், "அவரு ஓட்டப்போறாரா? அந்த முதுகை வச்சுக்கிட்டா?" என்றாள். பிறகு மெஷினின் மூடியைத் திறந்து, உள்ளே ஒரு பழைய போர்வையைப் போட்டு, "இதுல வை" என்றாள். மேலே இன்னொரு போர்வை. மூடியைச் சாத்திவிட்டு அதன் மேல் மடித்த துணிகளை அடுக்கினாள்.

அண்ணன் படியேறி வந்த சத்தத்திலேயே அவர் கோபத்தின் அளவு தெரிந்தது. சமையலறையில் பார்த்தார், கட்டிலடியில் பார்த்தார், பால்கனிக்கு வந்தார். மெஷினை நோக்கிக் கை போனது.

"அதைத் தொடாதீங்க" என்றாள் அண்ணி, தலையை நிமிர்த்தாமல். "ஒழுகுது. நாலு நாளா சொல்றேன், பாத்தீங்களா?"

தன்மேல் வரப்போகும் வேலையைக் கண்டு பின்வாங்கும் எந்தக் கணவனையும் போல அண்ணன் கையை எடுத்துக்கொண்டார். "நட்டைக் குடு" என்றார் தங்கையிடம்.

"மாட்டேன்."

"ஆலைக்காரன் நம்மள விட்டுடுவான். புரியுதா? வேற போட்டைப் பாத்துடுவான்."

"பாத்துக்கட்டும்."

"உனக்கு ஜெயிக்கணும். அவ்வளவுதானே? ஹோஸுன்னு சொல்லி மூக்கறுபட்டே, அதுக்கு இது."

கேப்டன் அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். "மூக்கறுபட்டது உண்மை. அதுக்காகக் கண்ணையும் மூடிக்கச் சொல்றீங்களா?"

அவர் படியிறங்கினார். துறையில் வேறு படகுக்காரர்களிடம் நட்டுக் கேட்டுப் பார்க்கப் போகிறார் என்று இருவருக்கும் தெரியும்.

அண்ணி மெஷினைத் திறந்தாள். போர்வையில் கிரீஸ் கறை பிடித்திருந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு பழைய துணியால் அந்த வளையத்தைத் துடைக்க ஆரம்பித்தவள், நடுவில் நிறுத்தினாள். வளையத்தின் உட்பக்கத்தில் எதுவோ ஒட்டிக்கொண்டிருந்தது; கறுத்து, உருகி, இறுகிய நைலான். நகத்தால் நெம்பினாள். நூலாக உரிந்து வந்தது.

"இது போட்டோட பாகமா?"

கேப்டன் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். தூண்டில் நரம்பு. துறையில் பையன்கள் தூண்டில் போட்டுவிட்டு அறுத்தெறிகிற நரம்பு. ஓடும்போது புரொப்பெல்லர் அதை நூல்கண்டு மாதிரி சுற்றிச் சுற்றி உள்ளே இழுத்திருக்கிறது.

"இது இங்க இருக்குன்னா, மீதி புரொப்பெல்லர் மாட்டுற தண்டுலதான் இருக்கும்" என்றாள். "அங்கதான் சீல் இருக்கு, அண்ணி. எண்ணெய் வெளிய வராம பிடிக்கிற ரப்பரு. நான் உள்ளயே தேடிட்டு இருந்திருக்கேன். அது வெளிய தண்ணிக்குள்ள ஒழுகிட்டு இருந்திருக்கு. துணியில எப்படி ஒட்டும்?"

சமையலறையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அண்ணி கைப்பையை மாட்டிக்கொண்டு கதவைப் பூட்டினாள்.

"நீங்க எதுக்கு?"

"கத்தி என்னோடது" என்றாள் அண்ணி. டிபன் பைக்குள் கைவிட்டு நட்டையும் வாஷரையும் எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

*

சரிவுத் தளத்தில் பாதிப் பெண்கள் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தார்கள். மேஸ்திரி அக்காவும் இன்னும் சிலரும் வாயைக் கோணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் ஸ்பேர் புரொப்பெல்லரைத் தண்டில் மாட்டிப் பிடித்துக்கொண்டு, எங்கோ கடன் வாங்கிய நட்டைத் திருகிப் பார்த்தார். மரை சேரவில்லை.

கேப்டன் தண்ணீரில் இறங்கினாள். "கொஞ்சம் தள்ளுங்க" என்றாள். அவள் கையில் கத்தியைப் பார்த்து அவர் தள்ளினார்.

ஸ்பேரை உருவினாள். தண்டின் அடியில், கால் தொடங்குகிற இடத்தில், நைலான் ஒரு கெட்டியான மோதிரமாக இறுகியிருந்தது. கத்தியால் அறுத்து, சுருள் சுருளாகப் பிரித்து எடுத்தாள். எடுக்க எடுக்க வந்தது. கடைசிச் சுற்று வந்ததும் உள்ளே ரப்பரின் உதடு கிழிந்து தொங்கியது தெரிந்தது. அதன் வழியாகக் கலங்கிய சொட்டு ஒன்று மெதுவாகத் திரண்டு தண்ணீரில் விழுந்தது. தண்ணீரின் மேல் வானவில் மாதிரி விரிந்தது.

மேஸ்திரி அக்கா எழுந்து விளிம்புக்கு வந்து பார்த்தார்.

அண்ணன் பார்த்தார். பிறகு, "சரி. காரணம் கெடைச்சுடுச்சு. நரம்ப எடுத்தாச்சு இல்ல? இப்ப ஒரு நடை போயிட்டு வந்துடலாம்" என்றார்.

கேப்டனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "நரம்ப எடுத்தாச்சு. கிழிஞ்சதை யாரு தைக்கிறது?"

"ஒரு நடை."

"அண்ணா, ஸ்பானர் வந்து சீல மாத்தி, உள்ள என்ன ஆச்சுன்னு திறந்து பாத்து, புது ஆயில் ஊத்துற வரைக்கும் இந்தப் போட்டு இந்த இடத்த விட்டு நகராது. நீங்க என்னை அடிச்சாலும் நகராது."

"நட்டைக் குடு."

"எங்கிட்ட இல்ல."

அண்ணன் திரும்பியபோதுதான் மனைவி அங்கே நிற்பதைக் கவனித்தார். தண்ணீர் தொடாத தூரத்தில், கைப்பையை மார்போடு அணைத்தபடி நின்றாள். தண்ணீர்ப் பக்கமே வராதவள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்பதுதான் அவரை முதலில் நிறுத்தியது.

"நீயுமா?" என்றார்.

"நீங்க ஏறிப் போவீங்க. நான் பால்கனியில நின்னு பாத்துட்டு இருக்கணும். அது என்னால முடியாதுங்க" என்றாள் அண்ணி. பை நகரவில்லை.

அண்ணன் கடன் நட்டைத் தண்ணீருக்குள் விட்டெறியக் கை ஓங்கினார். அது அடுத்தவனுடையது என்பது ஞாபகம் வந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கரையேறி, யாரையும் பார்க்காமல் ஷெட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்.

*

மத்தியானம் ஸ்பானர் வந்தார். படகை டிராலியில் ஏற்றிச் சரிவின் மேலே இழுத்தார்கள். காலின் அடியிலிருந்த திருகாணியை அவர் தளர்த்தியதும் முதலில் வந்தது தண்ணீர், வெறும் ஆற்றுத் தண்ணீர். அதற்குப் பிறகு பால்காபி. எல்லாம் வடிந்தபின் கைப்பம்பினால் காலுக்குள் காற்றடித்து, தண்டைச் சுற்றிச் சோப்பு நுரையைத் தடவினார். கிழிந்த இடத்தில் நுரை குமிழ் குமிழாக ஊதி உடைந்தது. மற்ற இணைப்புகளிலும் தடவிப் பார்த்தார், வேறெங்கும் இல்லை.

திருகாணியின் நுனியில், இரும்புத் தூளைப் பிடிப்பதற்கென்று இருந்த காந்தத்தில் ஒட்டியிருந்ததை விரலில் எடுத்து அண்ணனிடம் நீட்டினார். மாவு மாதிரி இருந்தால் சாதாரணத் தேய்மானம். இதில் ஊசி ஊசியாக இரும்புச் செதில்கள் இருந்தன.

"பேரிங் போக ஆரம்பிச்சிருக்கு. பல்லு தப்பிச்சிருக்கும்னு நெனைக்கிறேன். பிரிச்சுத்தான் பாக்கணும்."

"காலையில ஓட்டியிருந்தா?" என்று கேட்டது மேஸ்திரி அக்கா. அவர் வேலைக்குப் போகவே இல்லை.

"போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம்" என்றார் ஸ்பானர். "எனக்கு ஜோசியம் தெரியாதும்மா. நான் ஏறியிருக்க மாட்டேன்."

பாகங்கள் வருவதற்கு வாரங்கள் ஆயின. அண்ணன் சொன்னபடியே ஆலைக்காரர் வேறொரு படகைப் பேசிவிட்டார். பெரியது, மேலே கூரை போட்டது. அண்ணன் அந்த வாரங்களில் தங்கையோடு தேவைக்கு மட்டும் பேசினார். "உன்னாலதான்" என்று ஒருநாள் சாப்பாட்டின்போது சொன்னார். "ஆமா, என்னாலதான்" என்றாள் அவள். அன்று இரண்டாம் முறை போட்டுக்கொண்டு முழுவதையும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தாள்.

பெரிய படகில் போய்க்கொண்டிருந்த மேஸ்திரி அக்கா ஒரு சாயங்காலம், ஏறும் முன், "கியர் ஆயில் பாட்டிலக் காட்டுங்க, பாத்துட்டு ஏறுறோம்" என்றாராம். அந்தப் படகின் டிரைவர் சிரித்திருக்கிறான். "ஏறுறவங்க ஏறுங்க, இல்லாதவங்க நீந்தி வாங்க" என்றிருக்கிறான். பெண்கள் ஏறவில்லை. அந்தக் கரையில் அத்தனை பேரும் பைகளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மேனேஜரே வந்து மூடியைத் திறந்து காட்டச் சொன்ன பிறகுதான் படகு நகர்ந்தது.

மறுநாள் மேனேஜர் அண்ணனையும் தங்கையையும் கூப்பிட்டனுப்பினார். கேப்டனின் படகு அப்போது தயாராகிவிட்டிருந்தது. மேனேஜரின் அறை குளிர்பதன அறைக்குப் பக்கத்தில் இருந்ததால் சுவரெல்லாம் வியர்த்திருந்தது.

"இதெல்லாம் நீ கிளப்பிவிட்டதா?" என்றார் அவர்.

"நான் யாரையும் கிளப்பல சார். அவங்க கேட்டது சரியான கேள்வி."

"தினமும் இப்படி உக்காந்துட்டா எனக்குக் கட்டாது. உங்க போட்டைத் திரும்ப எடுத்துக்கலாம்னு இருக்கேன். ஆனா ஒண்ணு. இன்னொரு தடவை இப்படித் திடீர்னு நடையை நிறுத்தக் கூடாது. நிறுத்துறதுன்னா உங்க அண்ணன் சொல்லணும், நீ இல்ல. அதுக்கு ஒத்துக்கிட்டா நாளையிலிருந்து ரெண்டு நடையும் உங்களுக்கு."

அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்காமலே கேப்டன் சொன்னாள். "ஒத்துக்க மாட்டேன் சார். நிறுத்தணும்னா நிறுத்துவேன்."

"அப்ப ஆளுங்க வேலைக்கு எப்படி வருவாங்க?"

"அன்னிக்கு வரமாட்டாங்க. மறுநாள் வருவாங்க."

மேனேஜர் அண்ணனிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. ஓனர் நீங்கதானே?"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் குரலில் பாசமெல்லாம் ஒன்றும் இல்லை. பல் வலிக்காரன் பேசுகிற மாதிரிதான் பேசினார். "ரெண்டு பேருது சார். அவ நிறுத்தினா நின்னதுதான். நான் ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்."

கேப்டன் தரையைப் பார்த்துக்கொண்டாள். சிரிப்பு வந்தால் காரியம் கெட்டுவிடும்.

காலை நடை பெரிய படகிடமே இருந்தது. மேனேஜருக்குக் கோபம் போகவில்லை. சாயங்கால நடையை மட்டும் இவர்களுக்குக் கொடுத்தார். "அரை வயிறு" என்றார் அண்ணன் வெளியே வந்ததும். "மீதி அரையையும் வாங்குவோம்" என்றாள் அவள். வாங்குவாளா என்று அப்போது அவளுக்கே தெரியாது.

முதல் சாயங்காலம், ஆலையின் சங்கு ஊதி, பெண்கள் கும்பலாக இறங்கி வந்தார்கள். ஒவ்வொருத்தியாகக் கை கொடுத்து ஏற்றிவிட்டாள். மேஸ்திரி அக்கா கடைசியாக ஏறி, வழக்கம்போல முன்வரிசையில் உட்காரப்போனவர் நிமிர்ந்தார்.

"ஏன் கேப்டன், சீட்டெல்லாம் ஈரமா இருக்கு?"

"மழை பேஞ்சுது."

"தொடைச்சு வைக்கக் கூடாதா?"

"துணி அந்தப் பக்கம் மாட்டியிருக்கு பாருங்க."

மேஸ்திரி அக்கா முணுமுணுத்துக்கொண்டே துணியை எடுத்துத் தன் இருக்கையைத் துடைத்தார். பக்கத்து இருக்கையையும் துடைத்தார். அவர் உட்காரும்வரை காத்திருந்துவிட்டு, கேப்டன் சாவியைத் திருப்பினாள்.